பயிற்சியாளர் தேடலும் ‘கூறப்படுகிறது’ என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கால்பந்து கிளப் தன் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிய மறுநாளே விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: ‘கூறப்படுகிறது’. இவர் வரப்போவதாகக் கூறப்படுகிறது, அவருடன் பேச்சு நடப்பதாகக் கூறப்படுகிறது, இன்னொருவர் மறுத்துவிட்டதாகவும் கூறப்படுகிறது. யார் கூறினார், எப்போது கூறினார், வேலையின் எந்தக் கட்டத்தைப் பற்றிக் கூறினார் என்பது செய்தி முடியும்வரை வராது. செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம் என்பது செயப்பாட்டு வினை தரும் வசதி. பயிற்சியாளர் வதந்திகள் பெரும்பாலும் அந்த வசதியில்தான் குடியிருக்கின்றன.

வதந்தியே போடக்கூடாது என்பது இந்தக் கடிதத்தின் கோரிக்கை அல்ல. வாசகர்கள் அதை விரும்பிப் படிக்கிறார்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் பயிற்சியாளர் நியமனம் ஒரே நாளில், ஒரே அறையில் நடந்து முடிகிற காரியம் அல்ல. அதற்குப் படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் தனித்தனிச் சான்று உண்டு. செய்தி எந்தப் படியில் நிற்கிறது என்பதை வாசகருக்குச் சொல்லுங்கள் என்பதே கோரிக்கை.

முதல் படி, கிளப்பின் விளையாட்டு இயக்குநரிடம் இருக்கும் பெயர்ப் பட்டியல். ஒழுங்காக நடக்கும் கிளப்பில், அணி வென்றுகொண்டிருக்கும்போதுகூட இந்தப் பட்டியல் இருக்கும். அதில் ஒருவர் பெயர் இருப்பது, இப்போதைய பயிற்சியாளரின் நாற்காலி ஆடுகிறது என்பதற்கு அடையாளம் இல்லை. அடுத்தது தூது. கிளப் நேரே பேசாது. அதன் நம்பிக்கைக்குரிய ஒரு முகவர், அந்தப் பயிற்சியாளரின் முகவரை அழைத்து ‘உங்கள் ஆளுக்கு விருப்பம் இருக்குமா’ என்று விசாரிப்பார். பின்னால் மறுக்க வேண்டி வந்தால் ‘நாங்கள் யாரிடமும் பேசவில்லை’ என்று கிளப் கூசாமல் சொல்லலாம். அது பொய்யும் ஆகாது. மூன்றாவது நேர்காணல். பயிற்சியாளர் தன் ஆட்டமுறையைக் காணொளித் துண்டுகளோடு விளக்குவார்; கையில் இருக்கும் வீரர்களில் யார் எந்த இடத்தில் ஆடுவார், வீரர்களை வாங்கி விற்க விடும் இரண்டு பரிமாற்றக் காலங்களில் யாரை வாங்க வேண்டும், இளையோர் அணியிலிருந்து யாரை மேலே எடுக்கலாம் என்பதெல்லாம் அங்கே பேசப்படும்.

இதற்குப் பிறகுதான் கடினமான பகுதி. அவர் வேறொரு கிளப்பில் வேலையில் இருந்தால் அந்தக் கிளப்பின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் இரு கிளப்புகளுக்கும் இடையே இழப்பீடு. இன்னொரு பக்கம் அவருடைய சொந்த நிபந்தனைகள்: எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம், நீக்கினால் எவ்வளவு, அவராகப் போனால் எவ்வளவு. அதோடு அவர் கூட்டிவரும் உதவியாளர்கள். உதவிப் பயிற்சியாளர், உடற்தகுதிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர், ஆட்டப் பகுப்பாய்வாளர் என்று நாலைந்து பேர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் தனி ஒப்பந்தம். ஏற்கெனவே அந்த இடங்களில் இருப்பவர்களுக்குக் கணக்கு முடிக்க வேண்டும். கடைசியில் பயிற்சியாளர் உரிமமும் வேலை விசாவும்.

‘வாய்மொழி ஒப்புதல்’ என்று நாம் அச்சிடுவது பெரும்பாலும் சொந்த நிபந்தனைகள் பற்றியது. இழப்பீட்டுப் பேச்சு தொடங்கியே இருக்காது. மூன்றாவது மாடியில் நிற்பவரை மொட்டைமாடியில் நிற்பதாக எழுதிவிடுகிறோம்.

இந்தப் படிகள் பிசகாமல் வெளிச்சத்தில் நடந்த ஓர் உதாரணம், மான்செஸ்டர் யுனைடெட் ரூபன் அமோரிமை எடுத்தது. 2024 அக்டோபர் 28 அன்று யுனைடெட்டின் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக் நீக்கப்பட்டார். மறுநாளே, அமோரிமின் ஒப்பந்தத்தில் இருந்த 1 கோடி யூரோ விடுவிப்புத் தொகையை (அவரை முன்கூட்டியே விடுவிக்கக் கிளப்புக்குத் தர வேண்டிய பணம்) தர யுனைடெட் முன்வந்திருப்பதாக, அவர் அப்போது இருந்த போர்ச்சுகல் கிளப் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அறிவித்தது. ரசிகர்களுக்கு அல்ல, போர்ச்சுகல் பங்குச் சந்தை ஆணையத்துக்கு! ஸ்போர்ட்டிங் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கிளப். விலையைப் பாதிக்கும் தகவலை ஒளித்து வைக்க முடியாது. நவம்பர் 1 அன்று நியமனம் அதிகாரபூர்வமானது. ஆனால் அவர் வந்து சேர்ந்தது நவம்பர் 11. இடையில் ஸ்போர்ட்டிங்குக்காக மூன்று ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். அதில் ஒன்றில் மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று வென்றார். அதே நாட்களில் யுனைடெட்டின் நான்கு ஆட்டங்களை ரூட் வான் நிஸ்டல்ரூய் இடைக்காலப் பொறுப்பில் நடத்தினார். அமோரிமின் முதல் ஆட்டம் நவம்பர் 24 அன்று இப்ஸ்விச்சில், 1-1.

அந்த இரண்டு வாரத்தில் தமிழில் வந்த குழப்பங்கள் அனைத்துக்கும் பதில் மேலே உள்ள தேதிகளில் இருக்கிறது. ‘நியமனம் ஆனவர் ஏன் இன்னும் பழைய அணியோடு நிற்கிறார்’ என்றால், ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் இருந்தது. ‘அமோரிமுக்கு 1 கோடி யூரோ’ என்றால், இல்லை, அது ஸ்போர்ட்டிங்குக்குப் போன பணம். அவர் சம்பளம் வேறு. பங்குச் சந்தையில் இருக்கும் கிளப் என்றால் வதந்தி எழுதும் முன் சந்தை அறிவிப்பைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஸ்போர்ட்டிங் போலவே பொருசியா டோர்ட்மண்ட், யுவென்டஸ், மான்செஸ்டர் யுனைடெட் ஆகியவையும் பட்டியலிடப்பட்டவை.

அதே அமோரிம் பற்றி அதே ஆண்டு ஏப்ரலில் என்ன எழுதினோம்? லிவர்பூலோடு வாய்மொழி ஒப்புதல் ஆகிவிட்டது என்று செய்தி ஓடியது. ஒப்புதல் மட்டுமல்ல, நேர்காணலே நடக்கவில்லை என்று அவர் செய்தியாளர் சந்திப்பில் மறுத்தார். லிவர்பூலுக்கு வந்தவர் ஆர்னே ஸ்லாட். சில நாட்கள் கழித்து வெஸ்ட் ஹாமோடு பேச அமோரிம் லண்டனுக்கு விமானம் ஏறியது உண்மை. அந்த நேரத்தில் போனது தவறு என்று அவரே வருத்தம் தெரிவித்ததும் உண்மை. வேலை நடக்கவில்லை. விமான நிலையப் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது மூன்றாம் படிக்கு மேல் எதையும் நிரூபிக்காது.

கிளப்புகள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு; அடக்கமோ கௌரவமோ அல்ல. வேலையில் இருப்பவரை அனுமதியின்றி அணுகினால் புகாராகும். வாட்ஃபோர்டில் இருந்த மார்கோ சில்வாவை எவர்டன் 2017 இறுதியில் நாடியது. 2018 ஜனவரியில் வாட்ஃபோர்ட் அவரை நீக்கியபோது, போட்டிக் கிளப் ஒன்று அவரைத் தகாத முறையில் அணுகியதே சரிவுக்குக் காரணம் என்று அறிக்கையிலேயே எழுதியது. அந்த ஆண்டு மே மாதம் சில்வா எவர்டன் போய்ச் சேர்ந்தார். புகாராக வளர்ந்த விவகாரம் 2019இல் எவர்டன் பணம் தந்து சமரசமானது. ஆகவே ‘கிளப் மறுத்தது’ என்பதும் ‘கிளப் கருத்துச் சொல்லவில்லை’ என்பதும் வேறு வேறு. இரண்டாவதை ‘மறுக்கவில்லை’ என்று திருப்பி எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும்.

இனி, படியைச் சொல்லாததால் வாசகர் எப்படி ஏமாறுகிறார் என்பதற்கு பேயர்ன் மியூனிக்கின் 2024ஆம் ஆண்டுத் தேடல். பருவ முடிவில் பயிற்சியாளர் தாமஸ் டூகல் விலகுவார் என்று பிப்ரவரி 21 அன்று அறிவித்தார்கள். புதியவர் அறிவிக்கப்பட்டது மே 29. மொத்தம் 98 நாள். முதலில் சாபி அலோன்சோ. மார்ச் 29 அன்று லெவர்குசனிலேயே தொடர்வதாக அவர் சொன்னார். பிறகு நாகெல்ஸ்மான், ஏப்ரல் 19 அன்று ஜெர்மனி தேசிய அணியோடு 2026 உலகக் கோப்பை வரை ஒப்பந்தத்தை நீட்டித்தார். பிறகு ரால்ஃப் ராங்னிக். மே 2 அன்று ஆஸ்திரியா தேசிய அணியை விட்டு வரமாட்டேன் என்றார். விலகுகிறவரையே இருக்கச் சொல்லி டூகலிடமும் பேசினார்கள். மே 17 அன்று அதுவும் முறிந்தது. கடைசியில் வந்தவர் வின்சென்ட் கொம்பனி. பர்ன்லி அணியோடு அப்போதுதான் பிரீமியர் லீகிலிருந்து கீழிறங்கியவர். 2028 வரை அங்கே ஒப்பந்தம் இருந்ததால் இழப்பீடு கொடுத்து எடுத்தார்கள். மார்ச் மாதத்தில் ‘பரிசீலனையில்’ என்று செய்தித்தாள்கள் அச்சிட்ட முகப் படங்களின் வரிசையில் அவர் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, முன்னால் வந்த பெயர்கள் எல்லாம் கற்பனை அல்ல என்பது. ராங்னிக்குடன் பேச்சு நிஜமாகவே நடந்தது. பிழை பெயரில் இல்லை. பட்டியலில் இருந்தவர், தூது போனவர், பேச்சின் பாதியில் நின்றவர் என எல்லோருக்கும் ஒரே அளவுத் தலைப்பும் ஒரே வினைச்சொல்லும் கொடுத்ததில்தான் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. எல்லாப் படியும் முடிந்து கையெழுத்தும் ஆனபின், வெளியே யாருக்கும் தெரியாமல் போகும் நாட்கள். இங்கிலாந்து அணிக்கு டூகல் நியமிக்கப்பட்டதை அந்நாட்டுக் கால்பந்து சங்கம் 2024 அக்டோபர் 16 அன்று அறிவித்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது அக்டோபர் 8 அன்றே என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நடுவில் அக்டோபர் 10 அன்று வெம்பிளியில் கிரீஸிடம் இங்கிலாந்து 1-2 என்று தோற்றது. இடைக்காலப் பயிற்சியாளர் லீ கார்ஸ்லிக்கு வேலை நிரந்தரமாகுமா, இந்தத் தோல்வியால் கைநழுவியதா என்று அந்த வாரம் முழுக்க எழுதினார்கள். நிரப்பப்பட்டுவிட்ட நாற்காலிக்கு நடந்த அலசல் அது.

2018இல் இதைவிடப் பெரிய கூத்து. மே 31 அன்று ரியல் மாட்ரிட்டை விட்டு ஜிதான் விலகினார். டோட்டன்ஹாமில் இருந்த பொச்செட்டினோ பெயர்தான் எங்கும் அடிபட்டது. ஜூன் 12 அன்று ரியல் மாட்ரிட், ஸ்பெயின் தேசிய அணியின் பயிற்சியாளர் ஜூலன் லோபெடெகியை அறிவித்தது. ஸ்பெயினுடனான ஒப்பந்தத்தை அவர் நீட்டித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உலகக் கோப்பையில் ஸ்பெயினின் முதல் ஆட்டத்துக்கு மூன்றே நாள். அடுத்த நாள் ஸ்பெயின் அவரை நீக்கிவிட்டு பெர்னாண்டோ ஹியரோவை நிறுத்தியது. உண்மையான பேச்சு எந்தப் பக்கத்திலும் சத்தமே போடவில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். பயிற்சியாளர் சந்தையில் புகை ஓரிடத்தில், நெருப்பு வேறிடத்தில்.

அதிகாரப் பதவியில் இருப்பவர் பெயரோடு சொன்னால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2024 கோபா அமெரிக்கா போட்டிக்கு, அப்போது ரியல் மாட்ரிட்டில் இருந்த கார்லோ அன்சலோட்டி வந்துவிடுவார் என்று பிரேசில் கால்பந்து சம்மேளனத் தலைவரே 2023 ஜூலையில் சொன்னார். அதுவரை சமாளிக்க பெர்னாண்டோ டினிஸை இடைக்காலமாக நியமித்தார்கள். அன்சலோட்டி வாய் திறந்து உறுதிசெய்யவில்லை. டிசம்பர் 29 அன்று ரியல் மாட்ரிட்டோடு 2026 வரை கையெழுத்துப் போட்டார். டினிஸ் போய், டொரிவால் ஜூனியர் வந்து, அவரும் போன பிறகு, 2025 மே 12 அன்று அன்சலோட்டி பிரேசில் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். 2023இல் பொய்யான செய்தி 2025இல் மெய்யானது. அன்று எழுதியவர்கள் ‘நாங்கள் அப்போதே சொன்னோம்’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இடமில்லை. ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது விருப்பம், செய்தி அல்ல.

செய்தியைக் கசியவிட்டால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று விளையாட்டுப் பிரிவு ஒரு நிமிடம் யோசித்தால் பாதி வடிகட்டல் அங்கேயே முடிந்துவிடும். முகவருக்கு: பெரிய கிளப்பின் பெயரோடு தன் ஆள் பெயர் அச்சானால், இப்போதைய கிளப்பிடம் சம்பள உயர்வு கேட்கலாம். இப்படிப்பட்ட வதந்தி பெரும்பாலும் ஒப்பந்தத்தில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு மீதமிருக்கும்போது கிளம்பும். எனவே பெயரை எழுதும் முன் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்ப்பது நல்லது. கிளப்புக்கு: ரசிகர்களின் நாடித்துடிப்பைப் பார்க்கலாம். டோட்டன்ஹாம் 2021 ஏப்ரல் 19 அன்று மொரின்ஹோவை நீக்கியபின் 72 நாள் தேடியது. கான்டேயுடன் பேச்சு முறிந்தது. ஃபொன்சேகாவோடு ஏறக்குறைய முடிந்தது முறிந்தது. கட்டூசோ பெயர் வெளியானதும் ரசிகர்கள் சமூக வலைதளத்தில் திரண்டு எதிர்த்தார்கள், அதுவும் கைவிடப்பட்டது. ஜூன் 30 அன்று நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ வந்தார். நவம்பர் 1 அன்று நீக்கப்பட்டார். மறுநாள் வந்தவர், அதே கான்டே.

வேலை இழந்து வீட்டில் இருக்கும் பயிற்சியாளரின் கணக்கு தனி ரகம். இது நம் பக்கங்களில் சரியாக எழுதப்பட்டதே இல்லை. ஆண்டுக்கு 60 லட்சம் யூரோ சம்பளத்தில் இரண்டு ஆண்டு மீதமிருக்கும்போது ஒருவரை நீக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி மதிப்பு 1.2 கோடி யூரோ. பயிற்சியாளர் ஒப்பந்தங்களுக்கென ஃபிஃபா 2021 ஜனவரியிலிருந்து நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, நீக்கினால் இழப்பீடு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதி வைக்காவிட்டால், மீதி மதிப்பிலிருந்து, அதே காலத்தில் புது வேலையில் அவர் ஈட்டும் தொகை கழிக்கப்படும். ஆண்டுக்கு 40 லட்சம் யூரோவுக்குப் புது வேலை ஏற்றால் இரண்டு ஆண்டில் 80 லட்சம். பழைய கிளப் தர வேண்டியது 40 லட்சமாகக் குறைந்துவிடும். சும்மா இருந்தால் 1.2 கோடி, வேலை பார்த்தாலும் 1.2 கோடி! அவர் ஏன் சின்னக் கிளப்பின் அழைப்பை அவசரமாக ஏற்க வேண்டும்? ‘இந்தக் கிளப்பை அவர் நிராகரித்தார், அந்தக் கிளப்பை நிராகரித்தார்’ என்று எழுதும்போது திறமைச் செருக்கு என்று வாசகர் நினைக்கிறார். பல நேரம் அது வெறும் கூட்டல் கழித்தல். பழைய கிளப்புக்கோ, அவர் சீக்கிரம் எங்காவது சேர்ந்தால் லாபம். அவர் பெயரை நாலு இடத்தில் மிதக்க விட அதற்கும் காரணம் இருக்கிறது.

பந்தய நிறுவனங்களின் ‘அடுத்த பயிற்சியாளர் யார்’ பட்டியலை மேற்கோள் காட்டுவதை அறவே நிறுத்தலாம். அந்தப் பந்தயத்தில் புழங்கும் பணம் மிகக் குறைவு. ஒருவர் கட்டக்கூடிய தொகைக்கும் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். நாலு பேர் ஒரே பெயரில் கட்டினாலே அந்தப் பெயரின் விலை (வென்றால் எத்தனை மடங்கு கிடைக்கும் என்பது) சரிந்துவிடும். விலை சரிந்ததை நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு செய்திக்குறிப்பாக அனுப்பும். ‘முன்னணியில் இன்னார்’ என்று பத்திரிகை போடும். அதைப் படித்தவர்கள் மேலும் கட்டுவார்கள், விலை இன்னும் சரியும். ‘பந்தயம் நிறுத்திவைப்பு’ என்பதும் இப்படித்தான். நிறுவனத்துக்கு உள்தகவல் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல, நஷ்டத்துக்குப் பயந்து கதவைச் சாத்துகிறது, அவ்வளவே.

போலிச் செய்தியைப் பொறுத்தவரை இந்திய அணியின் 2025ஆம் ஆண்டுத் தேடலே போதிய பாடம். ஜூலை தொடக்கத்தில் மனோலோ மார்க்வெஸ் விலகினார். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. அதில் பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளர் ஸாவி ஹெர்னாண்டஸ் பெயரும் இருப்பதாகச் சம்மேளனத் தரப்பிலிருந்தே தகவல் வந்தது; சம்பளம் கட்டுப்படியாகாது என்று கைவிட்டதாகவும் செய்தி பரவி, உலகப் பத்திரிகைகள் எல்லாம் எடுத்துப் போட்டன. மறுநாள் சம்மேளனம் அறிக்கை விட்டது: ஸாவி, பெப் கார்டியோலா இருவர் பெயரிலும் மின்னஞ்சல் வந்தது, அவை உண்மையானவை அல்ல. இறுதிப் பட்டியலில் இருந்தவர்கள் காலித் ஜமீல், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்டெஃபான் டார்கோவிச். ஆகஸ்ட் 1 அன்று ஜமீல் தேர்வானார். மான்செஸ்டர் சிட்டியில் ஒப்பந்தத்தில் இருந்த கார்டியோலா இந்திய வேலைக்கு மின்னஞ்சல் போட்டிருப்பார் என்பதை ஒரு கணம்கூட நம்பத் தேவையில்லை. ஆனால் ஸாவி வேலையில்லாமல் இருந்தார். அதனால் பொய்க்குக் கால் முளைத்தது.

இதைத் தடுக்கப் பெரிய புலனாய்வு வேண்டாம். அந்த அளவு பெயருள்ள பயிற்சியாளர் திறந்த விளம்பரத்தைப் பார்த்துத் தானே விண்ணப்பிப்பதில்லை. முகவர் மூலம்தான் வருவார். உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியலை ஃபிஃபா தன் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பது முகவர் நிறுவனத்தின் சொந்தத் தளப் பெயரா, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறக்கும் கணக்கா என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். சமூக வலைதளக் கணக்கென்றால் நீலக் குறியை நம்ப வேண்டாம். இப்போது எக்ஸ் எனப்படும் ட்விட்டரில் 2022 இறுதியிலிருந்தே மாதச் சந்தா கட்டினால் அது கிடைக்கிறது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா, கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, இதற்குமுன் என்ன பதிவிட்டது என்பவைதான் சோதனை. புது அணியின் சட்டையைப் பிடித்தபடி நிற்கும் படங்கள் இப்போது நொடியில் உருவாக்கப்படுகின்றன. கையின் விரல்களையும் சட்டையில் இருக்கும் விளம்பரதாரர் பெயரின் எழுத்துகளையும் பெரிதாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் காலை வாரும்.

மொழிபெயர்ப்பைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்பானிய வானொலியில் ஒருவர் ‘பிடிக்கும்’ என்றது ஆங்கிலத்தில் ‘விரும்புகிறார்கள்’ ஆகி, தமிழில் ‘குறிவைத்தது’ ஆகிறது. ‘வாய்ப்பிருந்தால் யோசிப்பார்’ என்பது ‘ஒப்புக்கொண்டார்’ ஆகிறது. பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டும் ஒப்பந்தம் முடியாததால் சம்பளத்தோடு வீட்டில் இருக்கும் காலத்தை (ஆங்கிலத்தில் ‘கார்டனிங் லீவ்’) ‘தோட்ட விடுப்பு’ என்று போட்டதும் உண்டு. அவர் ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கிறார் என்று வாசகர் நினைத்தால் அது வாசகர் தவறல்ல. சம்பளத்துடன் கூடிய கட்டாய ஓய்வு என்றால் புரிந்துவிடும். இங்கிலாந்தில் ‘மேனேஜர்’ என்றால் அநேகமாகத் தலைமைப் பயிற்சியாளர்தான். ‘மேலாளர்’ என்று போட்டால் அலுவலகம் நடத்துபவர் என்றே படும். இத்தாலியப் பத்திரிகைகள் சம்பளத்தை வரி போக எழுதுவது வழக்கம், ஆங்கிலப் பத்திரிகைகள் வரியோடு. இரண்டையும் அப்படியே ரூபாய்க்கு மாற்றி ஒரே பெட்டியில் ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகும். பரிமாற்றச் செய்தியாளர் ஃபாப்ரிசியோ ரோமானோவின் ‘ஹியர் வி கோ’வை ‘இதோ போகிறோம்’ என்று போட வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டதாக அவர் சொல்கிறார் என்று எழுதலாம். அவர் சொல்கிறார் என்பது முக்கியம்.

ஜனவரி மாதம் வந்தால் இன்னொரு வகைக் குழப்பம். செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ‘தலைமைப் பயிற்சியாளர் தேடல்’ செய்திகளில் பல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து என்ற வேறு விளையாட்டு சம்பந்தப்பட்டவை. அங்கே விதிகள் வேறு. தலைமைப் பயிற்சியாளரைத் தேடும் அணி, சிறுபான்மையினத்தைச் சேர்ந்த வெளியாட்கள் குறைந்தது இருவரை நேரில் வரவழைத்து நேர்காணல் செய்தாக வேண்டும். 2003இல் வந்த ரூனி விதியின் இப்போதைய வடிவம் இது. எனவே அங்கே ‘நேர்காணல் நடந்தது’ என்பதை வைத்து ‘முன்னணியில் இருக்கிறார்’ என்று முடிவுகட்ட முடியாது. வேறு அணியின் பயிற்சியாளரோடு ரகசியமாகப் பேசினால் தண்டனை கடுமை. பயிற்சியாளர் ஷான் பேட்டனின் முகவரிடம் அவருடைய அணியின் அனுமதியின்றிப் பேசியதும், வேறு அணியின் வீரர் டாம் பிரேடியோடு பேசியதும் நிரூபணமாகி, மயாமி டால்ஃபின்ஸ் அணி, புது வீரர்களைச் சுற்றுமுறையில் தேர்ந்தெடுக்கும் உரிமைகளில் முதல் சுற்று உரிமை ஒன்றையும் மூன்றாம் சுற்று உரிமை ஒன்றையும் 2022இல் இழந்தது. அறிவிப்பு வந்தபின் கவிழ்வதும் நடக்கும். 2018 பிப்ரவரி 6 அன்று ஜாஷ் மெக்டேனியல்ஸைத் தலைமைப் பயிற்சியாளராக இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி அறிவித்தது. அன்றிரவே அவர் பின்வாங்கி, தன் பழைய அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிலேயே தங்கிவிட்டார். அவருக்காக எடுத்த உதவியாளர்களோடு அணி நடுத்தெருவில் நின்றது. கையெழுத்து ஆகியிருக்கவில்லை. அமெரிக்கக் கால்பந்தா, உலகக் கால்பந்தா என்று முதல் வரியிலேயே ஒரு சொல் சேர்த்தால் வாசகர் பிழைத்துக்கொள்வார்.

தாமதம் வந்தால் ‘பேச்சு முறிந்தது’ என்று எழுதிவிடும் அவசரமும் உண்டு. 2016 மே 23 அன்று வான் காலை நீக்கிய மான்செஸ்டர் யுனைடெட், மொரின்ஹோவை அறிவிக்க மே 27 வரை ஆனது. இடையில் சிக்கலாக நின்றவற்றுள் ஒன்று, அவருடைய பெயரையும் கையெழுத்தையும் வணிக முத்திரையாக அவருடைய பழைய கிளப் செல்சி பதிவுசெய்து வைத்திருந்தது. சம்பளமும் ஆண்டுகளும் பேசி முடித்த பின்னும் வழக்கறிஞர்கள் மேசையில் இதுபோன்ற காகிதங்கள் கிடக்கும்.

விளையாட்டுப் பிரிவிடம் கேட்பவை அதிகமில்லை. பெயர் பட்டியலில் இருந்தால் ‘பட்டியலில்’ என்றும், தூது போயிருந்தால் ‘விசாரித்தது’ என்றும், நேர்காணல் முடிந்திருந்தால் ‘சந்தித்தது’ என்றும், கிளப்புகள் பேசினால் ‘இழப்பீட்டுப் பேச்சு’ என்றும் எழுதுங்கள். ‘ஆகிறார்’ என்ற வினைமுற்றைக் கையெழுத்துக்காக ஒதுக்கி வையுங்கள். ‘கூறப்படுகிறது’ வரும் இடத்திலெல்லாம் கூறிய பத்திரிகை அல்லது செய்தியாளரின் பெயரும் தேதியும் வரட்டும். அச்சுக்குப் போன நேரத்துக்கும் வாசகர் கைக்கு வரும் நேரத்துக்கும் இடையே நிலவரம் மாறியிருந்தாலும், எந்த நாளின் நிலவரம் என்பதாவது தெரியும். ஐந்து பத்திரிகைகள் எழுதியிருந்தால் ஐந்தும் தனித்தனியாக விசாரித்தனவா, ஒன்றைப் பார்த்து நான்கு எழுதினவா என்று பாருங்கள். பெரும்பாலும் நான்கின் கடைசிப் பத்தியில் முதலாவதின் பெயர் இருக்கும்.

தேடல் முடிந்தபின், நம் பக்கத்தில் வந்த பெயர்கள் எவை, வந்தவர் யார், எது எங்கே பிசகியது என்று ஒரு சின்னப் பெட்டி போடலாம். இடம் இல்லை என்றால், ‘பரிசீலனையில்’ என்று வரிசையாகப் போடும் ஐந்து முகப் படங்களில் இரண்டை எடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பக்க வாசகர்